எட்டுக்கால் பாசி

அன்று சாயங்காலம் வட்டவளையில் ரயிலை விட்டு இறங்கியபோது மழை விட்டிருந்தது. பனி மட்டும் தண்டவாளத்தின் மேல் படுத்திருந்தது. குடையை விரிப்பதா மடக்குவதா என்று தெரியாமல் பாதி விரித்தபடியே மேட்டில் ஏறினேன். இத்தனை வருடமாக இந்த ஊரில் குடை பிடிக்கிறேன். எது மழை, எது பனி என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளிருந்து ஈரத் தும்பின் வாசனை வந்தது. ஊறிய தேங்காய் நாரின் வாசனை. கழற்றிய செருப்பைக் கையில் பிடித்தபடியே வாசலில் நின்றுவிட்டேன். ஏனென்று அந்த நிமிடத்தில் விளங்கவில்லை.

குசினியில், அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலருகே என் மனைவி ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள். கையில் தும்புக் கற்றை. காலடியில் கறுத்த தண்ணீரோடு ஒரு வாளி. ஜன்னல் கட்டையில் என் தேயிலைக் கொம்பு. காலையில் நான் வேலைக்குப் போகும்போது அது பச்சைத் தாடி வைத்த கிழவனைப் போல இருந்தது. இப்போது சீவி வைத்த எலும்பு.

"பாத்தீங்களா, எப்பிடி ஆக்கி வச்சிருக்கேன்!" என்றாள். "என்னா பாசி, என்னா பாசி! ஒரு எடத்துல பட்டை தெரியல. பொம்பள இல்லாத வீடுன்னா குச்சிக்குக் கூடவா பாசி புடிக்கும்?"

குவைத்திலிருந்து திரும்பி வந்து ஐந்தாவது நாள். அந்த ஐந்து நாளில் அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்க்கவில்லை.

"நல்லாருக்கு" என்றேன்.

போன கிழமை இந்தப் பக்கத்தில் நான் வேலை செய்யும் அச்சகத்தைப் பற்றி எழுதும்போது, பிழை திருத்துபவனின் வாழ்க்கையில் திருத்தவே முடியாத சொற்கள் சில உண்டு என்று எழுதியிருந்தேன். அந்த 'நல்லாருக்கு' அவற்றில் ஒன்று.

விறகோடு வந்தது

ஸ்டெல்லா விமானம் ஏறியது, நாடே கேஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற அந்த வருடம். நான் நிற்கவில்லை. வரிசைகளில் என்னால் நிற்க முடியாது. கால் நமைச்சல் எடுத்துவிடும். ஒரு வேலையிலும் ஒரு வீட்டிலும் நிலைத்திருக்காத ஆள் நான் என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆகவே விறகடுப்புக்குத் திரும்பினேன்.

எங்களுக்கு மேலே ஒரு கைவிட்ட மலை இருக்கிறது. மலை என்றால் எங்கள் பேச்சில் தேயிலைத் தோட்டத்தின் ஒரு துண்டு. நாலு வருடத்துக்கு ஒரு தடவை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குவார்கள். அதற்குக் கவ்வாத்து என்று பெயர். அந்த மலையில் கவ்வாத்து நின்று எத்தனையோ காலமாகிவிட்டது.

வெட்டாத தேயிலை மரமாகிவிடும். தேத்தண்ணீர் குடிக்கிற பலருக்கு இது தெரியாது. இடுப்பளவில் பார்த்தே பழகிய செடி, விட்டால் கூரையைத் தாண்டிப் போகும். கிளைகள் முறுக்கிக்கொள்ளும். பனி அதன் மேல் வந்து உட்காரும், பாசி பிடிக்கும், அந்தப் பாசிக்குள் யார் யாரோ குடியேறுவார்கள்.

அப்படிப்பட்ட மரத்தில் காற்றுக்கு முறிந்து விழுந்த கிளைகள்தான் எனக்கு விறகாக வந்தன. ஒருநாள் காலை, கோடரியை ஓங்கிய பிறகுதான் பார்த்தேன்.

பாசிக்கு நடுவே நூல் நூலாக, சாம்பல் கலந்த பச்சையில், ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் ஓடிய ஏதோ ஒன்று. மொத்தமும் என் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். சிலந்தி என்று நினைத்து ஊதினேன். நகரவில்லை. நடுவில் மயிரைப் போல ஒரு காம்பு. அதன் நுனியில் குருணை அரிசி அளவுக்கு மஞ்சளாக ஒன்று.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். குருணைக்கு உதடு இருந்தது.

கோடரியை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. இரண்டு நாள் கழித்து பக்கத்து வீட்டுக்காரர்தான் தேடிக் கொடுத்தார்.

அன்றைக்கே அந்தக் கொம்பை ஒரு பால்மா டின்னில் மண் நிரப்பி நட்டேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். சத்துக்கென்று தேயிலைச் சக்கை போட்டேன். தன் கூடவே வந்த மரத்தின் இலையை அவித்து அதற்கே ஊட்டுகிறோமே என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஊட்டினேன். பூ மறுநாளே போய்விட்டது. ஒரு பக்கத்து நூல்கள் பழுப்பாகி, தொட்டால் கூழாக ஒட்டின. நான் கவனிக்கக் கவனிக்க அது செத்துக்கொண்டிருந்தது.

உட வேண்டியதா?

நுவரெலியாவில் சாலையோரம் பூச்செடி விற்கிற சுனில் எங்கள் அச்சகத்துக்கு வந்து பெயர்ச் சீட்டு அடித்துப் போகிறவர். தமிழை மூட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதுபோலப் பேசுவார். கொம்பை டின்னோடு பத்திரிகையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி அவரிடம் போனேன்.

அவர் டின்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

"ஐயோ மாத்தயா, மண்ணு எதுக்கு? இது உடவெடியா."

உடவெடியா என்றால் சிங்களத்தில் ஓர்க்கிட். "உட, மேல. மேல வாழுறது" என்று கையை உயர்த்திக் காட்டினார். "மண்ணு வேணாம். வத்துர ஊத்த வேணாம். மீதும போதும்." சாலைக்கு மேலே போய்க்கொண்டிருந்த பனியைக் காட்டினார். வத்துர தண்ணீர், மீதும அதுதான்.

"இலை எங்க சுனில்?"

"இலை இல்ல. இதுக்கு வேர்தான் இலை."

"மரத்த உறிஞ்சுமா?"

"இல்ல, இல்ல. சும்மா உக்காந்திருக்கு."

"செத்துப்போனா எப்பிடித் தெரியும்?"

சுனில் யோசித்தார். "செத்தாலும் கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். பிறகு விரலை நீட்டி எச்சரித்தார்: "காட்டுக்குப் போய் ஒண்ணும் புடுங்க வேணாம் மாத்தயா. அது தப்பு. விறகுல வந்தத மட்டும் பாத்துக்க."

வீட்டுக்கு வந்து டின்னையும் மண்ணையும் வீசினேன். கொம்பைக் குசினி ஜன்னலில், பனி உள்ளே வரும் இடத்தில், கம்பியில் கட்டினேன். அடுப்புப் புகை படாமல் நடுவே ஒரு பலகை. மழை இல்லாத நாட்களில் மட்டும், பிடித்து வைத்த மழைத் தண்ணீரில் நனைத்த துணியைப் பக்கத்தில் தொங்கவிடுவது. அவ்வளவுதான் வளர்ப்பு. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் செய்ய வேண்டியது. எனக்கு அது எவ்வளவு கஷ்டமென்று கேட்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை ஸ்டெல்லா ஃபோன் எடுக்கும் நாள். லைன் விட்டு விட்டு வந்தது.

"ஸ்டெல்லா, வீட்டுல ஒரு உடவெடியா வளக்குறேன்."

"என்னாது, உட வேண்டியதா? உட வேண்டியதுன்னா உட்டுற வேண்டியதுதானே!"

"இல்ல, ஓர்க்கிட்டு. பூச்செடி!"

"ஓ... பூவா?" பின்னால் யாரோ குழந்தை அரபியில் அழுதது. "சரி சரி, தண்ணி ஊத்துங்க."

ஊற்றக்கூடாது என்று சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது.

புள்ளி பார்க்கும் கண்ணாடி

அச்சகத்தில் படங்களின் புள்ளிகளைச் சரிபார்க்க ஒரு சின்னப் பூதக்கண்ணாடி உண்டு. பழையது ஒன்று வீசப்படக் கிடந்ததைக் கேட்டு வாங்கி வந்தேன். அதை ஃபோனின் கேமராவில் ஒட்டிப் பிடித்தால், என் நகத்தளவு உலகம் திரை முழுக்க வந்து நின்றது. வேர்கள் பாலத்துக்குப் போட்ட தூண்கள் மாதிரி. பாசி ஒரு பைன் காடு. ஒரு பனித்துளிக்குள் எங்கள் ஜன்னல் தலைகீழாகத் தொங்கியது.

முதல் படத்தை ஸ்டெல்லாவுக்கு அனுப்பினேன்.

"யம்மாடி!" என்று குரலில் பதில் வந்தது. "என்னா பெருசு! முன் ரூமுலயா வச்சிருக்கீங்க?"

"ஜன்னல்கிட்ட" என்று அனுப்பினேன். அது உண்மைதான். அளவு மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் வருகிறது. நகத்தளவு ஒன்றைக் காட்டி நானும் இங்கே ஒரு காரியம் செய்கிறேன் என்று சொல்ல வெட்கப்பட்டிருக்கலாம். அவளுக்குப் பெரிதாக ஏதாவது தேவைப்பட்டது என்று எனக்குத் தோன்றியிருக்கலாம்.

அவளும் படம் அனுப்புவாள். எப்போதும் ஒரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கடல். நீலம் கண்ணைக் குத்தும். "எங்க இருக்கேன் பாருங்க" என்று எழுதுவாள். அந்தக் கடலைப் பார்த்துவிட்டு எங்கள் பனியைப் பார்க்கும்போது, இதை விட்டுவிட்டு இவள் ஏன் திரும்பி வர வேண்டும் என்று தோன்றும்.

நடுவில் ஒரு வேடிக்கை. ஹட்டனில் ஒரு இலக்கியக் கூட்டத்தில், இந்தச் செடியை வைத்து எழுதிய ஒரு வசனகவிதையை வாசித்தேன். மண்ணில்லாத வேர், காற்றைப் பிடித்து வாழும் இனம், அது இது என்று. எங்கள் மலையகச் சனத்தின் கதை என்று சொல்லி எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு உள்ளுக்குள் கூசியது. அதை ஸ்டெல்லாவுக்கு ஃபோனில் வாசித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மண்ணு இல்லன்னா என்னா, அதுக்குத்தான் மரம் இருக்குல்ல?" என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கவிதையை நான் எங்கும் வாசிக்கவில்லை.

பிறகுதான் அந்தப் பந்தயம். அவளுடைய ஒப்பந்தம் முடிய சில மாதங்கள் இருந்தன. புதுப்பித்து இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லி, அவள் வேலை செய்கிற வீட்டு மேடம் கேட்கிறாள் என்று சொன்னாள். வீட்டுக்குக் கூரை போட்டாகிவிட்டது. மகள் கல்யாணமாகி கொத்மலையில் நன்றாக இருக்கிறாள். பிறகு எதற்கு என்று கேட்டேன்.

"அங்க வந்து நான் என்னா செய்யிறது?" என்றாள்.

லைன் அறுந்ததென்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்று அவளே கூப்பிட்டாள். பிறகு சிரிப்பது கேட்டது.

"சரி, ஒண்ணு சொல்றேன் கவிஞரே. நான் வர்றப்ப ஒங்க செடி பூத்திருந்தா, நான் திரும்பிப் போகல."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். விளையாட்டென்று எனக்கும் தெரியும். அடுத்த நாளிலிருந்து நான் அந்தக் கொம்பை ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

விருந்தாளி

விமான நிலையத்தில் அவளை அடையாளம் தெரிந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியாமல் போனது.

விடிவதற்கு முன் எழுந்து யாருக்கோ தேத்தண்ணீர் போடுவாள். எட்டுப் பேருக்குச் சோறு வடிப்பாள். நாற்காலியில் உட்காரமாட்டாள். நான் உள்ளே வந்தால் எழுந்து நின்றுவிடுவாள். ஒருநாள் "நான்தான், ஸ்டெல்லா. உக்காரு" என்றேன். "தெரியும், கால் பழகிருச்சு" என்றாள். மற்ற நேரமெல்லாம் துடைத்தாள். கதவு, கதவின் மேல் விளிம்பு, பல்பு, மாதா படத்தின் பின்பக்கம், என் புத்தகங்களின் முதுகுகள்.

மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து, அவளைக் குவைத்துக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரர் கூப்பிட்டார். மேடம் காத்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு முடிவு சொல்ல வேண்டும் என்றார். ஸ்டெல்லா "சொல்றேன் சேர், சொல்றேன் சேர்" என்று ஃபோனை வைத்துவிட்டு ஜன்னல் கம்பிகளைத் துடைக்கப் போனாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் ஒரு வீட்டுக்கு வந்த இரண்டு விருந்தாளிகள் போல, யார் முதலில் உட்காருவது என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

செடியை நான் காட்டவில்லை. காரணம் இருந்தது. அவள் வருவதற்கு முந்தின கிழமை, நூல்களின் நடுவே ஒரு காம்பு எழும்பியிருந்தது. அதன் நுனியில் ஊசிக்குண்டு போல ஒரு மொட்டு. அதையும் பூதக்கண்ணாடி வைத்துப் பிடித்து அனுப்பியிருந்தேன். "வெள்ளிக்கிழமைக்குள்ள விரிஞ்சிரும்" என்று எழுதியிருந்தேன். பூத்தால் ஒரு நாள், சில வேளை அரை நாள். விரியட்டும், விரிந்த பிறகு கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டலாம் என்று இருந்தேன்.

அவளும் கேட்கவில்லை. அதுதான் எனக்குக் குழப்பமாக இருந்தது. மறந்துவிட்டாளா? கேட்டால் பந்தயமும் கூட வரும் என்று தவிர்க்கிறாளா?

ஐந்தாம் நாள், வியாழக்கிழமை, அந்தத் தும்பு வாசனை.

உரசிய கை

அந்த வாசனைக்கு ஏன் வாசலிலேயே நின்றுவிட்டேன் என்று இப்போது சொல்கிறேன்.

கவ்வாத்து வெட்டியதும், மிஞ்சிய கட்டைகளில் உள்ள பாசியையும் பன்னம் என்கிற பெரணியையும் உரசித் தள்ள வேண்டும். அதற்குத் தும்புதான் ஆயுதம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு, ஆளுக்கொரு கற்றை எடுத்துக்கொண்டு பெண்கள் மலைக்குப் போவார்கள். கல்யாணத்துக்கு முன் ஸ்டெல்லா அந்த வேலைக்குப் பேர் போனவள். அவள் உரசிய வரிசை தனியாகத் தெரியும். குளித்துவிட்டு வந்ததுபோல ஒவ்வொரு கட்டையும் நிற்கும். நான் அப்போது தோட்டத்து ஸ்டோரில் கொஞ்ச காலம் இருந்தேன். தும்பு கேட்டு வருவாள். கொடுத்ததையே திருப்பிக் கொடுத்து, "இது பழசு, கை வழுக்குது" என்பாள். என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தைகள் அவைதான்.

ஆகவே அந்தக் கொம்பைப் பார்த்ததும் அவள் கைக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தேயிலைக் கொம்பு. அதில் பாசி. வேறென்ன செய்வாள்?

அன்று சாயங்காலத்துக்குத் திரும்புகிறேன். நான் 'நல்லாருக்கு' என்று சொன்னேன் அல்லவா, அவள் தும்பைப் பிழிந்து காயப்போட்டாள். வெறுந்தேத்தண்ணீர் போட்டு, ஒரு துண்டு சர்க்கரையோடு என்னிடம் நீட்டினாள். நின்றபடியே கேட்டாள்:

"ஆமா, வந்த நாள்லருந்து கேக்கணும்னு இருக்கேன். அந்தச் செடி எங்க?"

நான் தேத்தண்ணீரைப் பார்த்தேன்.

"வீடு முழுக்கத் தேடிட்டேன். முன் ரூமுல இல்ல, வெளிய இல்ல, மேல லைட்டுகிட்டயும் பாத்தேன். யாருக்காச்சும் குடுத்துட்டீங்களா? செத்துருச்சா? செத்திருந்தா சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

"ஸ்டெல்லா" என்றேன். "அந்தக் கொம்புதான்."

"எந்தக் கொம்பு?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். கொம்பைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"போங்க" என்றாள். "அந்த வேரு என் கை மொத்தம் இருந்துச்சு."

பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து மேசையில் வைத்தேன். எப்படிப் பிடித்தேன் என்று ஃபோனோடு ஒட்டிக் காட்டினேன். என் கட்டைவிரல் நகத்தைத் தொட்டு, "இவ்வளவுதான்" என்றேன்.

முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, அங்கே பழகிய சிரிப்பாக, சத்தமில்லாமல். பிறகு கையை எடுத்துவிட்டு, எங்கள் பக்கத்துச் சிரிப்பாக, பக்கத்து வீட்டு நாய் குரைக்கும் அளவுக்குச் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்தால் கண்ணில் தண்ணீர் நின்றது.

"மாங்கா சைஸுக்கு ஒரு மொட்டு" என்றாள். "எனக்காக வீட்டுல காத்துக்கிட்டு இருக்குன்னு நெனச்சேன். பிளேன்ல பக்கத்துல இருந்த பொம்பளகிட்ட எல்லாம் படத்தக் காட்டினேன். நீங்க எல்லாத்தையும் இப்பிடி பெருசாக்கித்தான் காட்டுவீங்களா? ஒங்க தொழிலே இதுதானா?"

எனக்குக் கோபம் வந்தது. வந்திருக்கக்கூடாது. "நீயும் தானே கடலக் காட்டின" என்றேன்.

அவள் தோளில் கிடந்த துணியை எடுத்து, ஏற்கனவே துடைத்த மேசையைத் துடைத்தாள்.

"அது மேடம் ரூம் ஜன்னல்" என்றாள். "தூசி தட்டப் போறப்ப எடுப்பேன். எனக்கு ஸ்டோர் ரூம்தான். எனக்கு ஜன்னல் இல்ல."

வெளியே பனி ஜன்னல் வரைக்கும் வந்து, உள்ளே வருவதா வேண்டாமா என்று நின்றது. நான் எழுந்து அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. ஆனால் வாளிக்கு முன்னால், தரையில், சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

எந்த மாசம்?

இரண்டு கையையும் முழங்கை வரை வாளிக்குள் விட்டாள். அரிசி களைகிற மாதிரி பாசியை மெல்ல அலசினாள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்து உள்ளங்கையில் விரித்தாள்.

"அந்தக் கண்ணாடியக் குடுங்க."

குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அட" என்றாள். "இது எட்டுக்கால் பாசி!"

"என்னா?"

"எட்டுக்கால் பாசிங்க. கவ்வாத்து மலையில அப்பிடித்தான் சொல்லுவோம். மத்தப் பாசியில கலந்து கெடக்கும். 'எட்டுக்கால மொதல்ல எடுங்கடி, உட்டா மரத்தையே குடிச்சிரும்'னு கங்காணி கத்துவாரு."

"அது மரத்தக் குடிக்காது ஸ்டெல்லா. சும்மா உக்காந்திருக்கும்."

"அது எங்களுக்கு என்னா தெரியும்? எடுக்கச் சொன்னாங்க, எடுத்தோம்." கண்ணாடியை விலக்காமலே பேசினாள். "மலை மலையா உரசியிருக்கேன். இது பூக்கும்னு ஒருத்தி கூட சொன்னதில்ல. நீங்க ஓர்க்கிட்டு, உடவெடியான்னு என்னென்னமோ சொன்னீங்க. எட்டுக்கால் பாசின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அங்கயே சிரிச்சிருப்பேன். கையும் வச்சிருக்க மாட்டேன்."

அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியாது. நுவரெலியா வரை பஸ் ஏறிப்போய்க் கேட்டு வந்த பெயர் என்னிடம் இருந்தது. என் மனைவியின் கையில் இருந்த பெயர் என்னிடம் இல்லை.

பிடி பிடியாகத் தேடினோம். நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று நான்கு நூல் துண்டுகள் கிடைத்தன. மொட்டு கிடைக்கவில்லை. கிடைத்தது ஒன்றை மொட்டென்று நான் சொன்னேன். அது மண் என்று அவள் சொன்னாள்.

"போச்சா?" என்றேன்.

கொம்பை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணாடியை வைத்து, ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். கணு ஒன்றின் இடுக்கில் விரல் நின்றது.

"இந்தா. இங்க ஒரு துளி ஒட்டியிருக்கு."

நானும் பார்த்தேன். எனக்குப் பட்டை தெரிந்தது. பச்சையாக ஏதோ இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

"உசுரோட இருக்கா?"

"யாருக்குத் தெரியும்? கெட்ட பாசிங்க இது. எப்பிடி உரசினாலும் அடுத்த கவ்வாத்துக்குப் போறப்ப அதே எடத்துல உக்காந்து நம்மளப் பாக்கும்." கொம்பைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். "நல்லா உரசிட்டேன், அதான் பயமா இருக்கு. நான் உரசினா கங்காணி ரெண்டாந்தடவ பாக்க மாட்டாரு."

வாளிப் பாசியில் சுத்தமான பகுதியைப் பிரித்து, அந்தக் கணுவைச் சுற்றி வைத்தாள். அவளுடைய கைப்பையின் அறுந்த வாரிலிருந்து ஒரு நூலை உருவித் தரச் சொன்னாள். விமான நிலையத்தில் போட்ட சீட்டு இன்னும் அந்த வாரில் ஒட்டிக்கொண்டிருந்தது. உருவிக் கொடுத்தேன். கட்டத் தொடங்கினாள்.

அப்போது அலுமாரி மேலிருந்த அவளுடைய ஃபோன் அடித்தது. எட்டிப் பார்த்தேன். கொழும்பு நம்பர்.

"அவருதான்" என்றேன்.

"கையெல்லாம் பாசி. நீங்க பேசுங்க."

"என்னா சொல்றது?"

அவள் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்திருந்தாள். மறுமுனையை இறுக்கினாள். கடித்தபடியே சொன்னாள்:

"அடுத்த கவ்வாத்து முடியட்டும், பாப்போம்னு சொல்லுங்க."

நான் ஃபோனை எடுத்தேன். அவள் சொன்னதை அப்படியே, ஒரு எழுத்து மாறாமல், பிழை திருத்துகிறவனின் கவனத்தோடு சொன்னேன்.

அந்தப் பக்கத்தில் தாள் புரளும் சத்தம் கேட்டது. ஏஜென்சிக்காரர் எதிலோ எழுதிக்கொள்கிறார் என்று நினைக்கிறேன்.

"கவ்வாத்தா? சரி சேர், சரி. அது எந்த மாசத்தில வரும்?"

ஸ்டெல்லாவைப் பார்த்தேன். முடிச்சைப் போட்டுவிட்டு, கொம்பை ஜன்னலில் எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கவ்வாத்து நின்றுபோன மேல் மலையிலிருந்து இறங்கிய பனி அவள் முகத்தில் பட்டது. அவள் துடைக்கவில்லை.

"கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

இன்னும் கேட்கவில்லை.